முக்கால் எம்எம்

இல்ல பாபி, டீல சக்கர கம்மியாவே போதும். அசர் தொழுதுட்டு பாய் நேரா வூட்டுக்குத்தான வருவாரு? அப்ப இருந்து பாத்துட்டே போறேன். இங்கேர்ந்து எங்க ஊரு மாதனூர் எவ்ளோ நேரம், எனக்கு இன்னா அவசரம்? செல்வகுமார்னா தெரியலியா? டூல் ரூம் சூப்பர்வைசர். போன ரம்ஜானுக்கு பிரியாணி குடுத்து வுட்டீங்களே, என் பொண்ணு டப்பாவ கூட நக்கி வெச்சுச்சு. ஆங், அதே ஆளுதான்.

கம்பெனி விஷயம்தான். பயப்படாதீங்க, நல்ல விஷயம். பாய மறுபடி வேலைக்கு கூப்ட வந்துருக்கேன். நெஜமாத்தான். மொதலாளி ரஃபி அகமதே சொல்லி அனுப்ச்சாரு. திங்கக்கெழமலேர்ந்து.

ஏன் இப்ப திடீர்னுன்னா, அது பெரிய கூத்து. பாய் வூட்ல மெஷினப் பத்தில்லாம் பேசுவாரா? பேச மாட்டாரா? இருவத்திநாலு வருஷம் அது பக்கத்துலயே நின்னுட்டு ஒரு வார்த்த பேசலியா! சரி, நானே சொல்றேன். ஷூவுக்கு அடில சோலு இருக்குல்ல, அத ஊத்துற அச்சு செய்யிறதுதான் எங்க வேல. அலுமினியக் கட்டைய மில்லிங் மெஷின்ல கட்டி, டேபிள அப்டி இப்டி நகத்தி வெட்டுவோம். மேல ஒரு பொட்டி தொங்கும், பச்ச பச்சயா நம்பர் ஓடும். டிஆர்ஓன்னுவோம். டேபிள் எவ்ளோ நகந்துச்சுன்னு அது காட்டுற நம்பர வெச்சுதான் வெட்டணும்.

ஜனவரி கடைசில பதினொன்னாம் நம்பர் ஷூவுக்கு ஆர்டர் வந்துச்சு. பெரிய பெரிய கட்ட. பாய் போட்ட மூணு அச்சும் வரிசையா முக்கால் எம்எம் தள்ளி நிக்குது. ஆமா, கேக்க கம்மியாத்தான் இருக்கும், ஏழெட்டு பேப்பர அடுக்குனா வர்ற கனம். ஆனா அச்சுல அவ்ளோ தள்ளுனா மேல் பாதி கீழ் பாதியோட சேராது பாபி. தூக்கிப் போட வேண்டியதுதான்.

பாய் எங்கிட்ட வந்து, செல்வம், அந்த நம்பர் பொய் சொல்லுதுப்பான்னாரு. நானும் நகர்றத அளக்குற டயல் கேஜ எடுத்தாந்து டேபிள் நடுவுல வெச்சு செக் பண்ணேன். சுத்தமா இருந்துச்சு. மெஷின் நல்லாருக்கு பாய், நீங்க கண்ணக் காட்டுங்கன்னேன். தமாஷாத்தான் சொன்னேன். அவரு நெஜமாவே லீவு போட்டுட்டு வேலூர் போயி காட்டிட்டு வந்துட்டாரு. நீங்களும் கூட போனீங்களா? எனக்குத் தெரியாதே. கண்ணு நல்லாருக்குன்னு டாக்டர் சொன்னதும் சந்தோஷம்தான படணும்? இவரு, கண்ணு இல்லன்னா அப்ப கைதான் போய்டுச்சுன்னு முடிவு பண்ணிட்டாரு. நாலாவது அச்சும் போனதும் மொதலாளி ரூம் வாசல்ல போயி நின்னுட்டு, என்ன வுட்டுடுங்க, இனிமே எனக்கு ஆவாதுன்னுட்டாரு. யாரும் போவ சொல்லல பாபி. அவராத்தான் போனாரு.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்து கேட்டுல யூனிபார்ம் போட்டுட்டு பாய். வண்டிய இப்டி ஓரமா வைங்க செல்வம், வெயில் படாதுன்னாரு. சிரிச்சிட்டேதான் சொன்னாரு. நான் பந்தில உக்காராமலே திரும்பிட்டேன். ம், வாட்ச்மேன் வேல கேவலம்லாம் ஒண்ணுமில்ல, நான் அப்டி சொல்லல. ஆனா அந்தக் கை...

சரி, கேளுங்க. இப்ப பாய் எடத்துல சூரியபிரகாஷ்னு ஒருத்தர் வந்துருக்காரு. டிப்ளமா, நல்ல வேலக்காரன். போன வாரம் அவருக்கு அதே பதினொன்னாம் நம்பர் கட்ட. வெட்டி அளந்து பாத்தா, முக்கால் எம்எம்! ஓடி வர்றாரு எங்கிட்ட, சார் எனக்கு கண்ணு நல்லாத்தான் சார் இருக்குன்னு. பாய் கத அவர் காதுக்கும் போயிருக்கு. எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல.

அப்பதான் தோணுச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே கையா இருக்கும்? உக்காந்துட்டேன் மெஷினோட. மொதல்ல அந்தப் பொட்டி மேலதான் டவுட்டு. நீளத்துக்கு ஒரு ஒயரு, அகலத்துக்கு ஒரு ஒயரு, ரெண்டும் பொட்டி பின்னாடி வந்து சொருவிருக்கும். ரெண்டையும் மாத்தி சொருவி மறுபடி ஒரு பெரிய கட்டைய வெட்டுனேன். தப்பும் கூடவே அந்தப் பக்கம் போச்சு. அப்ப பொட்டி நல்லாருக்கு, ஒயரு பக்கம்தான் கோளாறு. டேபிள் பக்கவாட்டுல நீளமா ஒரு ஸ்கேல் இருக்கும், அதுலேர்ந்துதான் ஒயரு வருது, அதக் கழட்டித் தொடச்சேன். உள்ள அலுமினிய சிலும்பு கூட இல்ல. மறுபடி நடுவுல கேஜ் வெச்சா, கரெக்ட்டு. மூணு நாளு பேஜார் பண்ணிடுச்சு. மெட்ராஸ்லேர்ந்து வந்த மெக்கானிக்கு மொத்தத்தையும் மாத்துங்கன்னுட்டு டீ குடிச்சிட்டுப் போய்ட்டான்.

நேத்து மத்தியானம் ஹேண்டில நானே புடிச்சேன். எப்பவும் நடுவுலயே செக் பண்றமே, கடேசி வரைக்கும் போனா இன்னா ஆவுதுன்னு மெதுவா சுத்திட்டே போறேன். கண்ணு நம்பர் மேலயே இருக்கு. டேபிள் கடேசி முனைக்குப் போச்சு பாருங்க, நம்பர் கப்புனு நின்னுச்சு. டேபிள் போவுது, நம்பர் போவல. அப்புறம் மறுபடி ஓடுது, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அவ்ளோதான், முக்கால் எம்எம் அங்கயே முழுங்கிடுச்சு. பின்னாடி எட்டிப் பாத்தா ஒயரு தந்தி மாதிரி வெறச்சு நிக்குது. மெஷின் ஒடம்போட சேத்து ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டிருக்கு. சின்ன கட்டைக்கு டேபிள் அவ்ளோ தூரம் போவாது, ஒண்ணும் தெரியாது. பெரிய கட்டைக்குப் போனா ஒயர இழுக்கும், உள்ள கனெக்சன் வுட்டு வுட்டு வரும்.

கட்டிங் பிளேயர வெச்சு டைய ஒரு வெட்டு. அவ்ளோதான் பாபி ரிப்பேரு. இன்னிக்கு காலைல அதே கட்டைய போட்டோம், முடி அளவு கூட தப்பில்ல. சூரியபிரகாஷ் கையத் தூக்கிட்டு ஆடறாரு. மொதலாளி வந்து பாத்துட்டு, இன்னா கோளாறுன்னாரு. ஒயருன்னேன். அப்புறம், ஷபீ பாய போய் கூட்டிட்டு வாய்யான்னாரு.

பாய் கை நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அழாதீங்க பாபி.

இல்ல, மொதலாளி அத கேக்கல. நீங்கதான் கேக்குறீங்க. யாரு கட்டுனதுன்னு.

ஜனவரில ஃபாரின்காரங்க பாக்க வந்தாங்க. ஒயரெல்லாம் தொங்குது, அசிங்கமா இருக்குன்னு அவங்க வர்றதுக்கு மொத நாளு நான்தான் கட்டுனேன். கட்டுனதே மறந்து போச்சு. நேத்து அந்த டைய பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. மொதலாளி வர்றதுக்குள்ள எடுத்து பாக்கெட்ல போட்டுட்டேன். பாய்கிட்ட மொதல்ல சொல்லிட்டு அப்புறம் அவருகிட்ட சொல்லலாம்னு.

தெருமொனைல வர்றது பாய்தான் போல.

சொல்லுங்க பாபி, நான் உள்ளயே இருக்கவா, வெளிய போயி நிக்கவா?