எலுமிச்சைப் புழுக்களின் ஆசான் வேதசிரோமணி ஐயா அவர்களுக்கு

கற்றோர் போற்றும் கண்ணியரே! சிற்றுயிரின் சிறு அசைவுக்கும் சிந்தை செலுத்திய சீலரே! இராஜபாளையத்திலிருந்து வண்டியேறியும் பின்னாளில் பஸ் ஏறியும் வந்து, முப்பதாண்டுகள் எம் பள்ளியில் இயற்கை நூல் பயிற்றிய பெருந்தகையே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகையால் சற்று நேரம் சபையோர் பக்கம் திரும்பி, தங்களை ‘அவர்’ என்றே சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

சபையோரே! யுத்தத்துக்கு முன், சென்னை நண்பரொருவர் அனுப்பிய சஞ்சிகையில் ஐயா ஒரு சேதி படித்தார். புழு தன்னிச்சையாகச் சட்டை உரிப்பதில்லை. அதன் மூளை நரம்பில் சுரக்கும் ஹார்மோன் என்னும் சாறு உடலில் கலந்து, ‘இலையை விடு, இடம் தேடு, தோலைக் கழற்று’ என உத்தரவிடுகிறதாம். படித்ததை அப்படியே நம்பிவிடுகிறவரா அவர்? எலுமிச்சை மரத்துப் பச்சைப் புழுக்களைப் பிடித்துத் தலைக்குப் பின்னே பட்டு நூலால் இறுகக் கட்டினார். சாறு இறங்குமுன் கட்டிய புழு கூடாகவில்லை; சாகவுமில்லை. சாறு இறங்கிய பின் கட்டியதோ, தலையின் தயவின்றியே கூடாயிற்று. உத்தரவு உடலில் இறங்கிவிட்டால், பிறகு தலையே இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்!

“அசையாம கிடக்கே, செத்துப்போச்சா ஐயா?” என்று கேட்டார் கணக்கு வாத்தியார் பொன்னுராஜ்.

“சாகலடே. உத்தரவு வரல, அம்புட்டுதான்.”

“அப்போ எட்மாஸ்டர் லீவுல போன நம்ம ஸ்கூல் மாதிரின்னு சொல்லுங்க!”

அன்று சிரிக்காதவர் தலைமையாசிரியர் ஒருவரே.

ஐயாவின் மனைவி அமிர்தவல்லி அம்மையாருக்குப் புழு என்றாலே ஆகாது. வீட்டுக்கு வந்த டப்பாக்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அதனால்தான் அவை எங்கள் ஆய்வறையில் குடியேறின. சென்ற ஐப்பசியில் விஷக் காய்ச்சல் அம்மையாரைக் கொண்டுபோயிற்று. அன்று பூட்டிய வீட்டை ஐயா இன்னும் திறக்கவில்லை. ஆய்வறை பெஞ்சில் படுக்கை, காப்பி கிளப்பில் சாப்பாடு. வீட்டுக்குப் போகவில்லையா என்றால், “உத்தரவு வரலடே” என்பார். அதற்கு எங்களால் சிரிக்க முடியவில்லை.

இன்றோடு ஐயா ஓய்வு பெறுகிறார்; நாளை முதல் அந்த அறையில் ரேஷன் அரிசி அடுக்கப்படும். மன்றாடிப் பார்த்தோம்; நிர்வாகம் இணங்கவில்லை.

ஐயா! இனித் தங்களிடமே பேசுகிறோம். நீண்ட ஆயுள் பெறுக என்று இவ்விடத்தில் வாழ்த்துவது மடலின் மரபு. சென்ற ஆண்டு தமிழாசிரியர் சங்கரலிங்கனாரை அவ்வாறு வாழ்த்தியபோது, “ஆயுசு மட்டும் நீண்டா போதுமாவே? நம்ம டப்பாவுல கிடக்கதுக்குந்தான் ஆயுசு நீளம்” என்று தாங்கள் முணுமுணுத்தது எங்கள் காதில் விழுந்தது. ஆகவே அவ்வாழ்த்தைத் துணிந்து சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். ஆஸ்பத்திரியில் அம்மையார் நம் ஜெயபாய் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவியகிட்ட சொல்லிரு. ரிட்டயரானா புழுவெல்லாம் வீட்டுக்கே கொண்டாரட்டும். இனி நான் வைய மாட்டேன்” என்றார். அன்றைக்கே தங்களிடம் சொன்னோம். தாங்கள் தலை நிமிரவில்லை.

உத்தரவு அன்றே இறங்கிவிட்டது, ஐயா. அதன் பின் விழுந்த கட்டு ஒன்றும் செய்யாது என்று காட்டியவர் தாங்களே.

சபை கலைந்ததும் ஆளுக்கொரு டப்பாவை எடுத்துக்கொண்டு தங்களோடு பஸ் ஏறுகிறோம். டப்பா எதையும் தாங்கள் தூக்க வேண்டாம். வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்,
31-3-1944

தங்கள் அன்பில் கட்டுண்ட
ஆசிரியர்களும் அலுவலர்களும்