காக்கை தொடாத சோறு

சின்னமனூரில் வாய்க்கு ருசியாக எங்கே சாப்பிடலாம் என்று குதிரையை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டீர்கள், ஏட்டையா. சரியான ஆளிடம்தான் கேட்டீர்கள். பங்கிராஸ் கிழவன் சொல்வது எதையும் இந்த ஊரில் எவரும் நம்புவதில்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் மட்டும் நம்புவார்கள். தேவாரம் சாலையில் கிடந்த பிணத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். இரண்டுக்கும் ஒரே பதில்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

மலைமேல் அணை கட்ட ஆரம்பித்த பிறகு, அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து சாமான் ஏற்றிய வண்டிகள் ஓயாமல் இந்த வழியாகப் போகின்றன. வண்டிக்காரர்களை நம்பி மூன்று சோற்றுக்கடைகள் முளைத்தன. சங்கரலிங்கம் பிள்ளை கடையில் சுத்தத்துக்குக் குறைவில்லை, பருப்புக்குத்தான் குறைவு. ஒருமுறை என் காலணா அவருடைய குழம்பு வாளிக்குள் விழுந்துவிட்டது. அடியில் கிடந்த மகாராணியின் முகத்தை மேலிருந்தபடியே பார்த்து, கண்ணில் தூசி விழுந்திருக்கிறது என்று சொன்னேன். வேலுச்சாமி கடையில் ஆட்டுக்கறி. என் ஞானஸ்நானத்துக்கு அந்த ஆடு வந்திருந்ததாக என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, ஜக்கம்மா கடை. அதைப் பற்றி நான் வேடிக்கை பேசமாட்டேன். ஐம்பது வயது விதவை. ஆற்று அயிரையை மண்சட்டியில் குழம்பு வைப்பாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியில் ஒரு கை அளவுக்குக் கெட்டியாகத் தங்கும். அந்த அடிக்குழம்பு மூன்று வருஷமாக எனக்குத்தான். அடுப்போரம் எனக்கென்று ஒரு மணை இருந்தது.

ருசி பரவியது. பரப்பியவன் நானே. எங்கே சாப்பிடலாம் என்று கேட்ட ஒவ்வொரு வண்டிக்காரனையும் அங்கேதான் அனுப்பினேன். கடைசியில் என் மணையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. கேட்டதற்கு ஜக்கம்மா சிரித்தாள்.

“வண்டிக்காரக மலையேறணும். நீங்க கட்டில்மேலதானே ஏறணும்? நாளைக்கு வாங்க பெருசு.”

மறுநாளும் சட்டி கவிழ்ந்தே இருந்தது. அதற்கடுத்த நாளும்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வாந்திபேதி உலவிக்கொண்டிருந்த மாதம் அது. இலை போடுவதற்கு முன், கடைக்காரர்கள் ஒரு பிடி சோற்றைக் காக்கைக்கு வைப்பது இங்கே வழக்கம். மற்றக் காலத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. நோய்க்காலத்தில் வண்டிக்காரர்கள் கடைவாசலில் நின்று, காக்கை கொத்தினால்தான் உள்ளே நுழைவார்கள். நான் வேதக்காரன். எங்களுக்கு அது அஞ்ஞானம். காக்கையை நம்பினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். நான் நம்பியதில்லை. அதற்குப் பசிக்கும், வயிறு நிறைந்தால் பசிக்காது, அவ்வளவுதான்.

வேலுச்சாமி கடையில் தினமும் ஆட்டுக்குடல் கழித்துப் போடுவார்கள். அதைக் கூடையில் வாங்கிக்கொண்டு, ஜக்கம்மா சோறு வடிக்கும் நேரத்துக்கு ஆற்றங்கரையில் கொட்டினேன். ஊர்க் காக்கை மொத்தமும் அங்கே வந்துவிட்டது. ஜக்கம்மா வைத்த பிடிச்சோறு வெயிலில் காய்ந்தது. முதல் நாள் பத்துப் பேர் திரும்பிப் போனார்கள். நான்காம் நாள் நான் ஒருவன்தான். ஏட்டையா, என் ஆயுசில் அந்த நான்கு நாட்கள்போல நான் சாப்பிட்டதில்லை. சட்டி முழுவதும் அடிக்குழம்பு.

நான்காம் நாள் தண்ணீருக்கு வந்தவள் கூடையோடு என்னைப் பார்த்துவிட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அட பாவி மனுசா, ஒரு கரண்டிக் குழம்புக்கா இம்புட்டும்? நாளைக்கு இலை போடையில எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லிருங்க. சிரிச்சுட்டு உக்காந்துருவாக. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.”

அன்றும் எனக்குக் குழம்பு ஊற்றினாள். எப்போதையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே.

நான் பொய் சொன்னால் ஊர் சிரிக்கும். அது எனக்குப் பழக்கம். உண்மை தெரிந்து சிரிப்பார்கள் என்பதுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் படித்துறையில் பிச்சைமணி என்ற வண்டிக்காரன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கண் உள்ளே போயிருந்தது. விரல் நுனி சுருங்கியிருந்தது. எழுபது வயதில் எத்தனை வாந்திபேதி பார்த்திருக்கிறேன். என்ன என்று தெரிந்தது.

“வெறும் வயித்துல புரட்டுது, தம்பி. சுடுசோறு ரெண்டு வாய் போனா நின்னுரும்” என்று சொல்லி, கையைப் பிடித்து ஜக்கம்மா கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உட்கார வைத்து, இலையைத் துடைத்துப் போட்டதும் நானேதான்.

வாசலில் இருபது பேர் காக்கைக்காகக் காத்து நின்றார்கள். ஜக்கம்மா இடுப்பில் கைவைத்து, “இங்கன கேளுங்க. பெருசு உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லப் போறாக” என்றாள். அப்போது இரண்டு வாய் தின்றிருந்த பிச்சைமணி இலைமேல் சாய்ந்தான். மறுபடி எழவில்லை.

“இன்னியோட அஞ்சு நாளா இவ சோத்தைக் காக்கா தொடலைய்யா!” என்று கத்தினான் வேலுச்சாமி.

ஜக்கம்மா என்னைக் காட்டினாள். “அந்த மனுசனைக் கேளுங்க. தினம் இங்கனதான் திங்கிறாக. காக்காய்க்குக் குடல் போட்டது யாருன்னு கேளுங்க.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பொய் சொல்லவில்லை, ஏட்டையா.

“எனக்குமே நாலு நாளா வயிறு சரியில்லப்பா” என்றேன்.

நான்கு நாளாக அளவுக்கு மேல் தின்றவனுக்கு வயிறு எப்படி இருக்கும்?

அவள் பானையிலிருந்து ஒரு கை அள்ளி அத்தனை பேர் முன்னாலும் தின்று காட்டினாள். “விசம் வச்சவளுக்கு முறிவும் தெரியும்ல” என்றது ஒரு குரல். அது என்னுடையது அல்ல. அடுப்பை இடித்தார்கள். சட்டியை உடைத்தவர்களை மட்டும் நான் தடுத்துப் பார்த்தேன், பழகிய சட்டி.

ஆற்றைத் தாண்டி மார்க்கையன்கோட்டைக்குப் போனாள். காக்கைச் சேதி அவளுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. தேவாரம் வரைக்கும் ஒரு கிணற்றிலும் அவளை இறங்கவிடவில்லை. ஒன்பதாம் நாள் புளியமரத்தடியில் அவள் பிணத்தைப் பார்த்தீர்களே, மடியில் அரைப்படி அரிசி முடிந்திருந்ததாகச் சொன்னீர்கள். அரிசி இருந்திருக்கிறது. ஒரு பானையும் ஒரு கங்கு நெருப்பும் கொடுக்க ஆள் இல்லை. வண்டிக்காரர்கள் நூறு பேருக்குச் சோறு போட்டவள் பசியோடு செத்தாள். நான்தான் செய்தேன்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். ‘கிழவன் காக்காய்க்குக் குடல் வைத்தானாம்’ என்று முன்சீப்பும் இப்படித்தான் சிரித்தார். இருக்கட்டும். அவர்கள் காக்கையை நம்பினார்கள், நான் நம்பவில்லை. அந்தப் பாவம் ஒன்று என்மேல் கிடையாது.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்டீர்கள். இப்போது இந்த ஊரில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. நானே பொங்கிக்கொள்கிறேன். சும்மா, ஒரு பிடியைச் சுவர்மேல் வைத்துப் பார்க்கிறேன். காக்கைகள் வருகின்றன; சுற்றி உட்கார்ந்து என்னைப் பார்க்கின்றன; தொடாமல் போய்விடுகின்றன. நானும் பானைச் சோற்றை அப்படியே ஆற்றில் கொட்டிவிடுகிறேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

உப்புக் குறைவாக இருக்கலாம்.