டாக்டர்கிட்ட போறேன்: வீரம்மா அம்மையாரின் இத்தாலிய வகுப்பு

தலைவர் குகன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாயை இழந்து நிற்கும் மகள் மலர் அவர்களே, கிள்ளானிலிருந்தும் அம்பாங்கிலிருந்தும் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து நிறைந்திருக்கும் மாணவர்களே, வேலாயுதத்தின் வணக்கம்.

மறைந்த இத்தாலிய ஆசிரியை வீரம்மா அம்மையாரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். புகழத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லாமல் புகழ்ந்தால் அது நடிப்பாகிவிடும். ஒன்பது ஆண்டுகளாக நான் அவர்மீது பொறாமைப்பட்டேன்.

நான் இத்தாலிக்கே போய்ப் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். அம்மையாரோ போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இயந்திரம் பொருத்த வந்த இத்தாலியப் பொறியாளர்களிடம் கேட்டுக் கேட்டே அந்த மொழியைக் கற்றார். நம் மொழி நிலையத்தில் என் வகுப்புக்கு அடுத்த அறையில் அவர் வகுப்புத் தொடங்கிய இரண்டே மாதத்தில், என் மாணவர்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். எனக்கு எரியாமல் இருக்குமா?

அப்படி என்னதான் சொல்லித்தருகிறார் என்று ஒருநாள் கதவோரம் நின்று கேட்டேன். தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபுகளின் வேலையை, இத்தாலியத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொற்கள் செய்கின்றன. அவற்றை நான் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைத்தேன். அதில் ‘டா’ என்ற சொல் எல்லோரையும் குழப்பும். ஒருவரிடம் போவதற்கும் அதுதான், அவரிடமிருந்து வருவதற்கும் அதுதான்.

அம்மையார் சொன்னார்: “டாக்டருக்குப் போறேன்னா சொல்வீங்க? டாக்டர்கிட்ட போறேன், டாக்டர்கிட்ட இருந்து வரேன். போனாலும் வந்தாலும் ‘கிட்ட’தான். அதான்லா இந்த ‘டா’.”

அவ்வளவுதான். வகுப்பே புரிந்துகொண்டு சிரித்தது. பிறந்ததிலிருந்து நான் பேசும் தமிழ்! இருபது ஆண்டுகளாக நான் கற்பிக்கும் இத்தாலியம்! எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அந்த வாரமே நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். சான்றிதழ் இல்லாதவர் கற்பிக்கலாமா என்று கேட்டேன். என் பெயர் போடவில்லை. அவர் வகுப்பை நிறுத்தினார்கள். மூன்று மாதம் நிறுத்தினார்கள். மாணவர்கள் திரண்டு போய்க் கேட்ட பிறகுதான் அவர் திரும்பி வந்தார்.

வந்தவர் நேரே என் அறைக்கு வந்து, இத்தாலியச் சின்னச் சொற்களைப் பற்றித் தமிழில் தாம் எழுதிய நூலின் கையெழுத்துப் படியை மேசைமேல் வைத்தார்.

“கடுதாசி எழுதுனது நீங்கதான்னு தெரியும் சார். அதனாலதான் உங்ககிட்ட கொண்டாந்தேன். தப்பைத் தேடித் தேடிப் படிக்கிறதுக்கு உங்களை விட்டா எனக்கு ஆள் இல்லை” என்றார்.

தேடினேன், ஐயா! வெறியோடு தேடினேன். நூற்றுப்பத்துப் பக்கத்தில் ஒரே ஒரு பிழை அகப்பட்டது. ஓரிடத்துக்குப் போவதைச் சொல்ல, இத்தாலியத்தில் ஊர்ப் பெயருக்கு முன் ‘ஆ’, நாட்டின் பெயருக்கு முன் ‘இன்’. சிசிலி பெரிய தீவு என்பதால் அதற்கும் ‘இன்’தான் வரவேண்டும். அம்மையார் ‘ஆ’ என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் வட்டமிட்டு, மாணவர்கள் பார்க்க அவர் கையில் கொடுத்தேன். அவர் முகம் வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை. அச்சுக்குப் போவதற்கு முன்பே கிடைத்ததே என்று மகிழ்ந்தார். நூல் வந்தபோது முதல் பக்கத்தில் நன்றியோடு என் பெயர் இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அப்படிச் செய்திருப்பேனா?

அவர் நோயில் விழுந்த பிறகு மருத்துவமனைக்கு இரண்டுமுறை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். இரண்டுமுறையும் இலக்கணம் பேசிவிட்டுத் திரும்பினேன். ஆகவே இன்று உங்கள் முன்னால் கேட்கிறேன். மலர், என்னை மன்னித்துவிடுங்கள்.

அம்மையார் தொடங்கிய இரண்டாம் நூல் பாதியில் நிற்கிறது. ‘இடையில்’ என்று பொருள்படும் ‘ட்ரா’வுக்கு ஒதுக்கிய பக்கம் வெறுமையாக இருக்கிறது. மூன்று நாளாக யோசிக்கிறேன். அவர் சொல்வதுபோல் ஓர் எடுத்துக்காட்டு எனக்கு வரவில்லை. அவர் இருந்தால் தேநீர் ஆறுவதற்குள் சொல்லியிருப்பார். அது எனக்கு இன்னமும் எரிகிறது.

ஆனாலும் அந்தப் பக்கத்தை எழுதி முடிப்பேன். அவர் வகுப்பு நிற்காது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அவருடைய அறையில், அவருடைய நூலை வைத்து நான் நடத்துகிறேன். வாருங்கள்.