எடைக்குப் போகவிருக்கும் முந்நூறு இசைத்தட்டுகளுக்காக

கூட்டத்தின் தலைவர், பாலவனத்தம் தந்த பண்பாளர் கோட்டைச்சாமி அவர்களே! கணக்கைக் கையிலும் கண்டிப்பைக் கண்ணிலும் வைத்திருக்கும் பொருளாளர் மாரிக்கண்ணன் அவர்களே! நரிக்குடியிலும் ரெட்டியபட்டியிலும் மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டியே தோள் காய்த்த தொழில் தோழர்களே! நமக்கு முன்பே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! ரேடியோ செட் தவசியின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். இந்த இசைத்தட்டுகளைக் காப்பாற்றச் சொல்லி எட்டு வருஷமாக நான் எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரி பதில் போடாத நம் ஒலிபெருக்கிச் சங்கம், ஐந்து நிமிடம் தருகிறது! எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொள்வேன்.

இன்றைய நான்காம் தீர்மானம் என்ன? சங்கப் பெட்டியில் இருக்கும் முந்நூறு இசைத்தட்டுகளையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவது. லோடு ஆட்டோ வாசலில் நிற்கிறது. காரணம்? கரகரக்கிறதாம். துடைக்கிற வெளிநாட்டுத் திரவம் ஒரு பாட்டில் இரண்டாயிரமாம். கட்டுப்படியாகாதாம்.

கேட்கிறேன். கரகரப்பது பாட்டா? பாட்டின் மேல் நாம் பூசிய பாவமா?

போன சித்திரையில் தலைவர் பத்துத் தட்டுகளைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்தார். நம் ஊர் வெயில்! சாயங்காலம் மேலே போன அவர் மனைவி முருகேஸ்வரி அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஏங்க, அப்பளம் நல்லாக் காஞ்சிருக்கு. எண்ணெயை வைக்கவா?"

சிரிக்காதே இருளாண்டி! நீ தட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவியவன். என்ன சொல்கிறாய்? "பளபளன்னு இருந்துச்சுல்லண்ணே" என்றா? இருந்தது. ஊர்ப் புழுதியெல்லாம் அந்தப் பளபளப்பில் வந்து உட்கார்ந்தது.

வெயில் வளைத்தது பத்துத் தட்டுகளை. மிச்சத்தைக் கெடுத்தது எது? ஆயுத பூஜை! வருஷா வருஷம் பாட்டு மிஷினைத் துடைத்த கையோடு தட்டுகளையும் உப்புக் கரிக்கும் போர்த்தண்ணீரில் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோமே! நானும்தான் வைத்தேன். தாய்மார்களே, உங்கள் பாத்திரத்தில் வெள்ளையாகப் பூக்கிறதே, அந்த உப்புதான் பாட்டு ஓடும் மெல்லிய சாலுக்குள் உறைந்து கிடக்கிறது. ஊசி பாவம், உப்பளத்தில் நடக்கிறது.

இது வானம் பார்த்த பூமி. தட்டுக்கும் வானம்தான் மருந்து. முதல் மழையைப் போகவிட்டு, அடுத்த மழையை வெள்ளைத்துணி கட்டிப் பானையில் பிடியுங்கள். அரை டம்ளருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி. நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல், சால் போகும் வழியே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் மழைநீரில் அலசி, நிழலில் சாய்த்து வையுங்கள். அந்தக் கறுப்பு ஈரத்தில் மேலே போகும் மேகம் தெரியும். தட்டு சுற்றுகிறதா, மேகம் சுற்றுகிறதா, நாம்தான் சுற்றுகிறோமா? எனக்கு இன்னும் தெரியாது. பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன்.

பொருளாளர் கேட்கிறார்: "பெரியப்பா, மழைக்கு எங்க போக? இதென்ன குத்தாலமா?" போக வேண்டாம் தம்பி. பேட்டரிக் கடையில் பேட்டரித் தண்ணீர் கேள். அதிலும் உப்பில்லை. விலையைக் கேட்டால் நீயே வெட்கப்படுவாய்.

வாதம் போதும். இதோ, அந்த முந்நூற்றில் ஒன்று. நேற்று மத்தியானம் பேட்டரித் தண்ணீரில் கழுவினேன். இந்த மிஷினில் போட்டு ஊசியை வைக்கிறேன். கரகரத்தால் முதல் தட்டை நானே ஆட்டோவில் ஏற்றுகிறேன்.

கேளுங்கள்.

...வயலின் வருகிறது. வில் திரும்பும் இடம் கேட்கிறதா? பாடப்போகிறவள் மூச்சு இழுக்கிறாளே, அது? இத்தனை வருஷம் உப்புக்கு அடியில் அந்த மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்!

போதும் என்று நான் ஊசியை எடுக்கப்போனால், மாரிக்கண்ணன் என் கையைப் பிடிக்கிறார்: "எடுக்காதீக பெரியப்பா. முடியட்டும்."

தலைவர் அவர்களே, பொருளாளர் சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரத் தம்பியும் உள்ளே வந்து உட்காரட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி, வணக்கம். மைக்கை அவள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.