பூதிப்புரம் தாண்டி

தங்கப்பாண்டி: பாத்து எறங்கு. படி உசரமா இருக்கு.

நாகஜோதி: நீங்க எதுக்கு ஸ்டேஷனுக்கு வந்தீக? பொக்லைன் ஓட்டப் போகலையா?

தங்கப்பாண்டி: லீவு சொல்லிட்டேன். தூக்குவாளிய மறந்துட்டுப் போயிட்டியேன்னு போடிக்கு எடுத்துட்டுப் போனேன். புருசனுக்கு எம்புட்டு அக்கறை, பாரு.

நாகஜோதி: போடிக்கா... ஏலக்காக் கடைக்கா?

தங்கப்பாண்டி: அங்கனதான். நீ வேலைய விட்டு ஒரு மாசமாச்சாம்ல.

நாகஜோதி: யாரு சொன்னா? கூட வேலை பாத்த அந்தக் கருத்தம்மா வாய...

தங்கப்பாண்டி: அவள ஏன் வையிற? மொதலாளியே சொன்னாரு. பெறகு தெனமும் காலையில ரயிலேறி எங்க போற? ரயில்வேல உத்தியோகம் கெடச்சிருச்சா?

நாகஜோதி: எங்கயும் போகல.

தங்கப்பாண்டி: எங்கயும் போகலையா?

நாகஜோதி: போடியில எறங்கி அந்த ஸ்டேஷன்லயே உக்காந்திருப்பேன். சாயங்காலம் வண்டி திரும்பயில ஏறி வருவேன். அம்புட்டுதான்.

தங்கப்பாண்டி: கிறுக்காடி உனக்கு?

நாகஜோதி: இருக்கும்.

தங்கப்பாண்டி: பூதிப்புரத்துக்கிட்டப் பாக்கத்தான போற?

நாகஜோதி: நேரமாச்சு, நடங்க.

தங்கப்பாண்டி: சொல்லு ஜோதி. நம்ம புள்ளையப் பொதைச்ச எடத்தத்தான?

நாகஜோதி: மெதுவாப் பேசுங்க. ஆளுக பாக்குறாக.

தங்கப்பாண்டி: பாக்கட்டும்.

நாகஜோதி: பொறந்ததும் அழுதிருந்தா... இந்நேரம் எட்டாங்கிளாசு படிப்பா.

தங்கப்பாண்டி: எல்லாம் என் தப்பு. எவனும் தோட்டத்துல குழி தோண்ட விடமாட்டேன்னாக. தண்டவாளத்தையே பேத்துட்டுப் போயிட்டாக, இனி எங்கிட்டு ரயிலு வரப்போகுதுன்னு நான்தான அந்த வேப்பமரத்தடியில...

நாகஜோதி: நானும்தான சரின்னேன். இனி வராதுன்னுதான ஊரே சொல்லுச்சு. இப்ப கிட்டப் போனாலே ரயில்வேக்காரக வெரட்டுறாக.

தங்கப்பாண்டி: அதுக்கு ரயில்ல போனா மட்டும்? கண்ண மூடித் தெறக்கயில அந்த எடம் தாண்டிருதே. அதுக்குப் போடி வரைக்கும் போகணுமா?

நாகஜோதி: விடுங்க. வீட்டுக்குப் போவோம். பசிக்குது.

தங்கப்பாண்டி: இல்ல, நில்லு. நாளையில இருந்து நீ போகாத. அங்கன... அவ அங்கன இல்ல.

நாகஜோதி: என்ன பேசுறீக...

தங்கப்பாண்டி: குறுக்க பேசாத. நிறுத்துனா எனக்குச் சொல்ல வராது. பெரிய ரயில்பாதை போட மண்ணு வேலை ஆரம்பிச்சாகல்ல... நம்ம பொக்லைன் ஓட்டுனா அந்த எடத்த மட்டும் தொடாம ஒதுக்கிரலாம்னுதான் நான் அங்கன வேலைக்குச் சேந்தேன். ஆனா மரத்த முன்னாடியே வெட்டிட்டாக. எனக்கு அடையாளம் தெரியல, ஜோதி. பக்கெட்டுப் பல்லுல, புள்ளையச் சுத்துன உன் மஞ்சச் சேலைக் கிழிசல் தொங்குச்சு. அதப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள மண்ண லாரியில கொட்டிட்டேன். எறங்கி ஓடுனேன்... லாரி போயிருச்சு. மிச்ச மண்ணக் கையாலயே துழாவுனேன். ஒண்ணும் இல்ல. எம்புள்ளைய நானே வாரிப் போட்டுட்டேன். இந்தக் கையி வெளங்குமா? ஏதாவது சொல்லு. ரெண்டு அடியாவது அடி.

நாகஜோதி: தெரியும்.

தங்கப்பாண்டி: என்னது?

நாகஜோதி: அன்னைக்குச் சோத்துல கை வைக்காம கரண்டி கேட்டீக. மறுநா தொவைக்கயில உங்க சட்டைப் பையில அந்தத் துணி இருந்துச்சு. கேட்டா நீங்க தாங்கமாட்டீகன்னு திரும்ப மடிச்சு வச்சுட்டேன்.

தங்கப்பாண்டி: இத்தன வருசமாத் தெரிஞ்சுமா... பெறகு எதுக்குடி அந்த ரயில்ல போற?

நாகஜோதி: அந்த லாரி மண்ண எந்தத் தண்டவாளக் கரையில கொட்டுனாகன்னு யாருக்குத் தெரியும்? அதான், போடி வரைக்கும் ஒரு எடம் விடாமப் பாத்துக்கிட்டே போறேன்.