திரும்ப வைத்த கடலட்டைகள்

தங்கச்சி நுஸ்ஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. நீல மூடி போட்டது. இரண்டு தரம் கழுவிக் காய வைத்தேன். மாசிச் சம்பலின் வாசம் மூடியிலிருந்து முழுதாகப் போகவில்லை. உங்கள் தம்பி அஸ்கியிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதற்குள் இருக்கும்.

கணவரை இழந்தபின் நீங்கள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிய இன்னும் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் இருப்பதாக அவன் சொன்னான். அதுவரை நான் நேரில் வர முடியாது. அடைமழை தொடங்கிவிட்டது, கடலுக்கும் போக முடியாது. எழுத நேரம் இருக்கிறது.

அஸ்கி வாசலில் நின்றபடியே உங்கள் கேள்வியைச் சொன்னான். செருப்பைக் கழற்றவில்லை.

"ராத்தா ஒண்டுதான் கேக்கச் சொன்னா. மச்சான் அட்டைக்குத்தான் எறங்கினாரா எண்டு. ஓமா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க, நான் போறன்."

ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் நான் ஏற்கெனவே ஓம் என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். ஆகவே எழுதித் தருகிறேன் என்றேன். "ஒரு சொல்லுக்கு என்னத்துக்குக் கடுதாசி?" என்று கேட்டான்.

பதினான்கு வருடமாகக் கடலுக்கடியில் படம் எடுக்கிறேன். முதல் பத்து வருடமும் கடலடி பார்க்க வரும் வெளிநாட்டவர்களுக்காக, ஹோட்டல்காரர் கேட்ட படங்கள். நீலத் தண்ணீர், மஞ்சள் மீன், வெள்ளைக்காரியின் தலைமுடி. மூன்று நிமிடம். அதில் களைத்துப் போய்த்தான் கடலைக் காப்பது பற்றிப் படம் எடுக்கத் தொடங்கினேன். அதிலும் களைப்பு வரும் என்று அப்போது தெரியாது. செத்த பவளம், வலையில் சிக்கிய ஆமை. யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை. பார்க்க வைக்க ஒரு மனிதன் வேண்டும்.

உங்கள் கணவர் சாஜித் அந்த மனிதன். எட்டு வருடம் அனுமதி இல்லாமல் கடலட்டை பிடித்தவர். பிறகு விட்டவர். ஏன் விட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய கூட்டாளி றிபாஸ் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துவிட்டதைப் பார்த்துவிட்டு வந்து, இனி அட்டைக்கு இறங்குவதில்லை என்று உங்கள் முன்னால் அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணினார். இரண்டு வருடம் அதைக் காப்பாற்றினார். ஓட்டோ ஓட்டினார். எனக்கு வழிகாட்டியாகக் கடலுக்கு வருவதற்கு முன், "படத்துக்குப் போற சத்தியத்தில சேராது" என்று நீங்களே சொன்னதாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

றிபாஸைப் பற்றி அவரைக் கமராவின் முன்னால் இருத்திக் கேட்டேன். எப்போதும்போல என்னை அண்ணனாக்கிக் காக்கா என்று கூப்பிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேல வந்தா மூட்டில நோவு வரும் காக்கா. திரும்பக் கீழ போனா போயிரும். அதாலதான் எல்லாரும் திரும்ப எறங்கிற. றிபாஸும் எறங்கின. ரெண்டு தரம் நோவு போச்சிது. மூணாந்தரம் மேல வரக்குள்ள கால் ரெண்டும் இல்ல."

நான் இதை முறையாகப் படித்தவன். ஆழத்தில் சுவாசிக்கும் காற்று இரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் குமிழியாகி மூட்டிலும் முதுகுத் தண்டிலும் நிற்கிறது. கீழே போனால் குமிழி சுருங்கும், நோவு போகும். குணமாவதில்லை. அடுத்த தரத்துக்குத் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். நோவு வந்தால் உடனே ஒட்சிசன் கொடுக்க வேண்டும். பிறகு இறங்கவே கூடாது. அதற்கென்று ஒரு சிறிய ஒட்சிசன் சிலிண்டர் பச்சைப் பையில் எப்போதும் என்னோடு வரும். படம் எடுக்கக் காசு தரும் வெளிநாட்டு அமைப்பின் நிபந்தனை அது. சாஜித் அந்தப் பையைப் பற்றிக் கேட்டதில்லை. தோணிக்காரர் ஷரிபுதீன் காக்கா அது கமராச் சாமான் என்று நினைத்திருந்தார்.

படத்தின் கடைசிக் காட்சி ஒன்றுதான் மீதி இருந்தது. அட்டை பிடித்தவன் அட்டைகளைத் திரும்பக் கடலில் வைக்கிறான். எழுதியபோதே நல்ல காட்சி என்று தெரிந்தது. அதற்காக உயிரோடு பதினெட்டு கடலட்டைகளைக் கரையில் ஒருவரிடம் வாங்கிக் கடல்நீர்ப் பெட்டியில் வைத்திருந்தேன். அவரிடமும் அனுமதி இல்லை, என்னிடமும் இல்லை.

அது ஓகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. தண்ணீர் அப்படித் தெளிந்து வருடத்தில் நான்கைந்து நாள்தான் இருக்கும். சாய்ந்தமருதுக் கரையிலிருந்து இரண்டு மணித்தியாலம், ஷரிபுதீன் காக்காவின் தோணி. சட்டிக்கல் என்று மீன்பிடிக்காரர் சொல்லும் பாறை. தொண்ணூறு அடி ஆழம்.

போகும்போது எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தோம். ஷரிபுதீன் காக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"புடிச்சத திரும்பக் கொண்டுபோய் உட எண்ணெய் எரிக்கிற ஆக்கள் இந்த ஒலகத்திலயே நாமதான் மனே."

"சும்மா உடல்ல காக்கா, நடிக்க உடுறம்," என்றார் சாஜித். "என்னை விட நல்லா நடிக்கும். வசனம் மறக்காது."

முதல் தரம் இறங்கினோம். பதினைந்து அட்டைகளைப் பையில் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வைத்தார். அவருடைய கால் பட்டு மணல் கிளம்பிக் காட்சி கலங்கிவிட்டது. அட்டைகளைத் திரும்பப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். நிறைந்த பை மேலே வந்ததை ஷரிபுதீன் காக்கா பார்த்தார். விசாரணையில் அவர் அதைத்தான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

இரண்டாம் தரம் எல்லாம் சரியாக இருந்தது; காட்சியைப் பார்க்கும்வரை என்று அட்டைகளைத் திரும்பப் பையில் போட்டு வந்தார். மேலே வந்து பார்த்தால் கமராக் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி பிடித்திருந்தது. அது என் பிழை.

மேலே வந்த சாஜித் வலது தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு முழங்கை. நீங்கள் மூவருக்குமாகச் சமைத்து அனுப்பியிருந்தீர்கள். சோறு, பாலாணம், மாசிச் சம்பல். அவர் தொடவில்லை, கையைத் தூக்க நோகிறது என்றார். நானும் ஷரிபுதீன் காக்காவும் சாப்பிட்டோம். பச்சைப் பை என் காலடியில் இருந்தது. அதன் மேல் கமராப் பெட்டியை வைத்து, அதன் மேல் சோற்றை வைத்துச் சாப்பிட்டேன்.

பையைத் திறந்தால் அன்றைய நாள் முடிந்துவிடும். அடுத்த தெளிவான நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அட்டைகள் இன்னொரு வாரம் பெட்டியில் உயிரோடு இருக்காது. இதையெல்லாம் அப்போது நிதானமாக யோசித்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். ஒரு மணித்தியாலம் இருந்தது.

"காணும் காக்கா," என்றார் சாஜித். "இண்டைக்குப் போதும். கால் மரத்தாப்போல இரிக்கி."

"எல்லாம் கீழ போனா சரியாகிரும் தம்பி," என்றேன். "நீங்கதானே சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நான் மத்ததையும்தானே சொன்னன்," என்றார்.

"அது றிபாஸ். நாள் முழுக்க எறங்கின ஆள். நமக்கு இன்னும் ஒண்டுதான்."

ஷரிபுதீன் காக்கா பின்பக்கம் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவருக்கு இது கேட்டிருக்காது.

சுவாசிக்கும் காற்றுச் சிலிண்டர் ஐந்து கொண்டு போயிருந்தோம். இருவருக்கும் மூன்று தரத்துக்கு ஆறு வேண்டும். நிறைந்ததை நான் எடுத்தேன், கமராவை அவசரப்படுத்த முடியாது என்பதால். சாஜித் இரண்டாம் தரம் பாவித்ததில் மிஞ்சியதோடு இறங்கினார்.

கீழே நோவு போய்விட்டது. அதை நான் பார்த்தேன். தோளைச் சுழற்றிக் காட்டினார். முகமூடிக்குள் சிரித்தார். அந்த நேரம் வெயில் நேரே இறங்கி, பாறை முழுவதும் தெரிந்தது. அவர் மணலில் முழங்காலிட்டு அட்டைகளைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றாக வைத்தார். அப்படிச் செய்யும்படி நான் சொல்லவில்லை. பதினான்கு வருடத்தில் நான் எடுத்த சிறந்த காட்சி அது. முடிந்ததும் அவர் மேலே கை காட்டினார். கைகளை மட்டும் கிட்டத்தில் எடுக்க இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன். வைத்தார். அதற்குள் அவருடைய காற்று முடிந்துகொண்டிருந்தது. மேலே வரும் வழியில் நிற்க வேண்டிய இடங்களில் நிற்க அவரால் முடியவில்லை. நான் நின்று வந்தேன்.

நான் மேலே வந்தபோது ஷரிபுதீன் காக்கா அவரைத் தோணிக்குள் இழுத்துப் போட்டிருந்தார். இரண்டு காலும் அசையவில்லை. "என்ன மனே, என்ன செய்யிது?" என்று காக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சினை முறுக்கிக் கரைக்குத் திருப்பினார்.

பச்சைப் பை அங்கேதான் இருந்தது. அப்போதாவது திறந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். திறந்தால் முன்னமே ஏன் திறக்கவில்லை என்று ஷரிபுதீன் காக்கா கேட்பார். அதனால் அதன் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் படாமல் துவாயால் மறைத்தேன். இரண்டு மணித்தியாலமும் அப்படியே இருந்தேன், கால் மாற்றவில்லை.

பாதி வழியில் மூச்சு எடுத்து எடுத்து ஒரு வசனம் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் குனிந்து கேட்டேன்.

"நுஸ்ஹாட்டச் சொல்லுங்க. நான் அட்டைக்கு எறங்கல்ல எண்டு."

சொல்கிறேன் என்றேன். பிறகு அவர் கதைக்கவில்லை. பள்ளி மினாரா தெரியத் தொடங்கியபோது மூச்சு நின்றது.

பொலிஸ் வருவதற்கிடையில் பச்சைப் பையை என் மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டேன். தண்ணீர்ப் பெட்டியை மறந்துவிட்டேன். அதில் பாவிக்காத மூன்று அட்டைகள் இருந்தன. யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றால் படம் அங்கேயே நின்றுவிடும். சாஜித் பிடித்தது என்றேன். மூன்றாம் தரம் என் பேச்சைக் கேட்காமல் தானாக இறங்கினார், பழைய பழக்கம் விடவில்லை என்றேன். ஷரிபுதீன் காக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்ததும் ஒரு நிறைந்த பையைத்தான்.

ஜனாஸாவுக்கு வந்தேன். தோள் கொடுத்தேன். மையவாடியிலிருந்து திரும்பும்போது எனக்கு முன்னால் நடந்த இருவர், பொஞ்சாதிக்குச் சத்தியம் பண்ணிவிட்டு அட்டைக்குப் போனவன் என்று கதைத்தார்கள். அந்தக் கதை உங்கள் வீட்டுக்குள்ளும் வரும் என்று நான் நினைக்கவில்லை. இத்தாவில் இருப்பவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மனிதர்களுக்கு இரக்கம் குறைந்துவிட்டது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. அவர் அட்டை பிடிக்க இறங்கவில்லை. பிடித்ததை வைக்க இறங்கினார், அதுவும் மூன்று தரம், நான் சொன்னதால். சத்தியத்தை அவர் மீறவில்லை. அவரைக் கொன்றது கடல் இல்லை.

இனி ஒரு சிறிய விடயம். படம் முடிந்துவிட்டது. மணலில் அட்டை வைக்கும் காட்சியின் பின் திரை கறுப்பாகும். இரண்டு வரி வரும். "பின்னர், சாஜித் மீண்டும் அட்டை பிடிக்கப் போய்க் கடலில் இறந்தார். வறுமை கடலையும் மனிதனையும் ஒன்றாகத் தின்கிறது." விசாரணை அறிக்கையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் அப்படி எழுதினேன். வெளிநாட்டு அமைப்பினர் பார்த்துவிட்டு, முடிவு இப்போது பலமாக இருக்கிறது என்று பதில் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் அழுதார்களாம். இதனால் எங்கள் கடலில் நாலு பாறை தப்பினாலும் சாஜிதுக்கு நன்மை போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டுமாம். உங்களிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். படிவம் பெட்டியில் அடித்தட்டில் இருக்கிறது. கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறேன். படிவத்தோடு இந்தக் கடிதத்தையும் அதே பெட்டியில் வைத்து அஸ்கியிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டியைக் கழுவித் திருப்பி அனுப்புவேன். வேறு யாரிடமும் இதைக் கதைக்க வேண்டாம். மற்றவர்களிடம் சொல்லும்படி சாஜித் கேட்கவில்லை. நுஸ்ஹாவிடம் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்டார். சொல்லிவிட்டேன்.

றிஸ்கான்