டீச்சர் சொன்ன நேரம்

கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்குப் போகும் மாலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் முக்காடு போட்ட இரண்டு பெண்கள். இளையவர் மூத்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ட மகளுக்கு நோன்பு திறக்கிற நேரத்தச் சொன்னது டீச்சர்தான், ராத்தா."

"வெள்ளக்காரியா?"

"ஓம். ஸ்கூல் முடிஞ்சும் புள்ள அங்கதான் நிக்கிறவ. நேரத்த ஒரு தாள்ல எழுதிக் குடுத்தன். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில குளிர்காலத்துக்கெண்டு மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வெச்சத மறந்து, பழைய நேரத்தையே எழுதிட்டன்."

"அல்லாஹ்! பேந்து?"

"பொழுது பட்டும், உம்மா எழுதின நேரம் வரல்லையெண்டு பேரீச்சம்பழத்தக் கையில வெச்சிட்டு இருந்திருக்கா. டீச்சர் போன் பண்ணி, 'மேடம், இங்க இருட்டிட்டுது, புள்ள இன்னும் பசியோட இருக்கோணுமா?' எண்டு கேட்டா."

"அவவ அல்லாஹ் நல்லா வைக்கட்டும்."

"ஒவ்வொரு தொழுகையிலயும் அதத்தான் கேக்கிறன்."

பஸ்ஸுக்குள் விளக்குகள் எரிந்தன. மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாய் ஜன்னலின் ஈரத்தைத் துடைத்து, வானத்தைப் பார்த்துவிட்டுப் பேரீச்சம்பழப் பெட்டியைத் திறந்தார்.